28 பவுண்டும் நம்ம அப்ரைசலும்

ஏப்ரல் மாசம். வெளியில வெயில் கொளுத்துது, உள்ள ஏசியில அப்ரைசல் லெட்டர் வந்துட்டு இருக்கு. லெட்டரைத் திறந்ததும் நாம முதல்ல பார்க்கிறது ஹைக் எத்தனை சதவீதம்னு. அடுத்தது, பக்கத்து சீட்டுல இருக்கிறவனுக்கு எத்தனைன்னு நாசூக்கா விசாரிப்போம். அதுக்கப்புறம் வீட்டுக்குப் போற வழியில மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். ஒன் பிஎச்கேல இருந்து டூ பிஎச்கேக்கு மாறிடலாமா? பைக்கை வித்துட்டு கார் எடுத்துடலாமா? ஃபோனுக்கு ரெண்டு வருஷம் ஆச்சே, மாத்திடலாமா?

இந்த எபிசோட் அந்தக் கடைசிக் கணக்கைப் பத்தினது.

இதைப் பேச ஒரு காரணம் இருக்கு. ரெகுலரா கேட்கிற ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். சுருக்கமாச் சொன்னா இதுதான்: "நீங்க கிறிஸ்டியன்னு ஒரு எபிசோட்ல சொன்னீங்க. உங்க மதத்துல பணம் நல்லதா, கெட்டதா? ஒரு பக்கம் ஏழைகள் பாக்கியவான்கள்னு சொல்றீங்க. இன்னொரு பக்கம் டிவியில போதகர்கள் 'உனக்கு வீடு வரும், கார் வரும், வெளிநாட்டு வேலை வரும்'னு ஜெபிக்கிறாங்க. எதை நம்புறது?"

நியாயமான கேள்வி. நான் சிஎஸ்ஐ சபையில வளர்ந்தவன். இந்த ரெண்டு குரலையும் சின்ன வயசுல இருந்தே கேட்டிருக்கேன். கேட்கிற எல்லாரும் கிறிஸ்தவங்க இல்லன்னு தெரியும். உங்க நம்பிக்கை எதுவா இருந்தாலும், சம்பளம் வாங்குறவரா இருந்தா இதுல உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு. கடைசி வரைக்கும் கேளுங்க.

பைபிள்ல ஒரே நம்பர் கிடையாது

பணம் எல்லாத் தீமைக்கும் வேர்னு பைபிள்ல இருக்குன்னு நிறைய பேர் சொல்வாங்க. அப்படி இல்ல. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் கடிதம், 6ஆம் அதிகாரத்துல, பணத்து மேல வைக்கிற ஆசையைத்தான் வேர்னு சொல்றார். அங்க கிரேக்கத்துல வர்ற வார்த்தை ஃபிலார்குரியா. ஃபிலோஸ்னா நேசம், ஆர்குரோஸ்னா வெள்ளி. வெள்ளி மேல காதல். அந்தக் காலத்துக் காசு வெள்ளி, அதனால அப்படி ஒரு சொல்.

அதே அதிகாரத்துல கொஞ்சம் கீழ பணக்காரங்களுக்கும் அறிவுரை இருக்கு. அதுல, பணக்காரங்களா இருக்காதீங்கன்னு பவுல் சொல்லல. நிலையில்லாத அந்தப் பணத்து மேல நம்பிக்கை வைக்காதீங்க, தாராளமாப் பகிர்ந்துக்கோங்கன்னு சொல்றார். அப்போ பிரச்சினை பேங்க் பேலன்ஸ்ல இருக்கிற நம்பர் மட்டும் இல்ல. அந்த நம்பர் மேல நாம எவ்வளவு சாய்ஞ்சு நிக்கிறோம்ங்கிறதுதான்.

சுவிசேஷங்கள்லயும் பாருங்க. ஒரு பணக்கார வாலிபன்கிட்ட இயேசு எல்லாத்தையும் வித்து ஏழைகளுக்குக் கொடுன்னு சொல்றார். அவன் வருத்தத்தோட திரும்பிப் போறான். சகேயுன்னு ஒரு வரி வசூலிக்கிறவர், பாதி சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரையாவது ஏமாத்தியிருந்தா நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னு தானாவே சொல்றார். அது போதும். மீதியும் கொடுன்னு இயேசு கேட்கல. ஒரு விதவை ரெண்டு சின்னக் காசு போடுறாங்க. அங்க காணிக்கை போட்ட எல்லாரையும் விட அவங்கதான் அதிகம் போட்டாங்கன்னு இயேசு சொல்றார்.

ஒருத்தர்கிட்ட நூறு சதவீதம், ஒருத்தர்கிட்ட ஐம்பது, ஒருத்தர்கிட்ட ரெண்டே காசு. நம்மள மாதிரி இன்ஜினியருங்களுக்கு இது எரிச்சலா இருக்கும். ஃபார்முலாவைக் கொடுப்பா, அப்ளை பண்ணிட்டுப் போறேன்னு தோணும். ஃபார்முலா கிடையாது. ஆனா அந்தக் கேள்வியைத் தன் மாச பட்ஜெட் வரைக்கும் கொண்டுவந்த ஒரு ஆள் இருந்தார். அவரைப் பத்திச் சொல்றேன்.

ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு பேச்சிலர்

சென்னையில இருக்கிறவங்க இராயப்பேட்டை பக்கம் போகும்போது வெஸ்லி ஸ்கூல்ங்கிற போர்டைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஜான் வெஸ்லி. 1703ல இங்கிலாந்துல எப்வொர்த்ங்கிற ஊர்ல பிறந்தவர். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினவர். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்ல. அவருக்குப் பின்னால வந்த மிஷனரிகள் வழியா அந்தப் பேர் இங்க வந்தது. 1947ல சிஎஸ்ஐ உருவானப்போ ஒண்ணாச் சேர்ந்த சபைகள்ல மெதடிஸ்ட்களும் உண்டு. அதனால என்னை மாதிரி சிஎஸ்ஐ பசங்களுக்கு அவர் தாத்தாவுக்குத் தாத்தா மாதிரி.

வெஸ்லியோட அப்பா சாமுவேல் ஒரு பாதிரியார். வீட்டுல பிள்ளைங்க நிறைய, கையில காசு கம்மி. ஜானுக்கு ரெண்டு வயசு ஆகுறப்போ, 1705ல, கடன் கட்ட முடியாம அப்பா ஜெயிலுக்குப் போனார். அப்பல்லாம் கடனுக்கு ஜெயில் உண்டு. அப்போ பணக்கஷ்டம்னா என்னன்னு தெரியாம, வசதியா உட்கார்ந்துக்கிட்டு எளிமையைப் பத்தி உபதேசம் பண்ணின ஆள் இல்ல இவர்.

1726ல அவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு லிங்கன் காலேஜ்ல ஃபெலோஷிப் கிடைச்சது. நம்ம பாஷையில சொன்னா கன்ஃபர்ம் ஆன வேலை. தங்க ரூம், கையில நிலையான வருமானம். அந்தக் காலத்துல நடந்த ஒரு சம்பவத்தை வயசான பிறகு ஒரு பிரசங்கத்துல அவரே சொல்றார். நல்ல குளிர் நாள். அவங்க நடத்தின ஸ்கூல்ல படிச்ச ஒரு ஏழைப் பொண்ணு அவரைப் பார்க்க வர்றா. மேல மெல்லிசா ஒரு துணி மட்டும்தான். போட்டுக்க வேற எதுவும் இல்லையான்னு கேட்கிறார். இல்லைங்கிறா. பாக்கெட்டுல கை விட்டுப் பார்த்தா காசு கிட்டத்தட்ட காலி. ரூம் சுவர்ல மாட்ட வாங்கின படங்களுக்குப் போயிடுச்சு. சுவரை அலங்கரிச்ச அந்தக் காசு இந்தப் பொண்ணைக் குளிர்ல இருந்து காப்பாத்தியிருக்குமேன்னு அவருக்கு உறைச்சது.

யாரையும் ஏமாத்தாம, சொந்தக் காசுல வாங்கின படங்கள்தான். சட்டப்படி, ஒழுக்கப்படி எந்தத் தப்பும் இல்ல. ஆனாலும் அவரை அது விடல.

அந்த நாலு வருஷக் கணக்கு

1787ல வெளியான இன்னொரு பிரசங்கத்துல வெஸ்லி ஒரு கணக்கு சொல்றார். ஆக்ஸ்ஃபோர்டு மெதடிஸ்ட்கள்ல ஒருத்தர்னு மட்டும் சொல்வார், பேர் சொல்ல மாட்டார். அது அவரேதான்னு பொதுவா எடுத்துக்கிறாங்க.

முதல் வருஷம் வருமானம் 30 பவுண்டு. 28 பவுண்டுல வாழ்ந்தார், 2 பவுண்டு கொடுத்தார்.

ரெண்டாவது வருஷம் வருமானம் 60. இரட்டிப்பு. அப்பவும் 28லயே வாழ்ந்தார். 32 பவுண்டு கொடுத்தார்.

மூணாவது வருஷம் 90. வாழ்க்கை 28. கொடுத்தது 62.

நாலாவது வருஷம் 120. வாழ்க்கை அதே 28. கொடுத்தது 92.

இதை முதல் தடவை படிச்சப்போ எக்செல்ல போட்டுப் பார்த்தேன். பழக்க தோஷம். முதல் வருஷம் அவர் கொடுத்தது 7 சதவீதத்துக்கும் கம்மி. தசமபாகம்கூட வரல! சபைக்குப் போறவங்களுக்குத் தெரியும், பத்துல ஒண்ணு கொடுக்கலன்னா சில இடங்கள்ல எப்படிப் பார்ப்பாங்கன்னு. நாலாவது வருஷம் அதே ஆள் கொடுத்தது 76 சதவீதத்துக்கு மேல. சதவீதம் மாறிக்கிட்டே இருந்தது. மாறாம நின்னது 28 மட்டும்.

தசமபாகம் கொடுக்கிறவங்களைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லல. எங்க வீட்டுலயும் அது பழக்கம்தான். ஆனா பத்து சதவீதத்துல ஒரு சிக்கல் இருக்கு. பத்தைக் கொடுத்துட்டா மீதி தொண்ணூறைப் பத்தி யாரும் கேட்க மாட்டாங்கன்னு ஒரு நினைப்பு வந்துடும். சம்பளம் முப்பதாயிரமா இருக்கும்போது பத்து சதவீதம் கொடுக்கிறது கஷ்டம். மூணு லட்சமா இருக்கும்போது அதே பத்து சதவீதம் உறைக்கவே உறைக்காது. நம்ம வாழ்க்கையை அது தொடாது. வெஸ்லி கேள்வியைத் திருப்பிப் போட்டார். எவ்வளவு கொடுக்கணும்னு கேட்கல. எனக்கு எவ்வளவு போதும்னு கேட்டு, முதல் வருஷத்துலயே ஒரு பதில் எழுதிட்டார். அதுக்கப்புறம் வருமானம் ஏற ஏற, அந்தப் பதிலை அவர் திருத்தல.

நம்ம விஷயத்துல 28ங்கிறது கூடவே ஏறும். சம்பளம் 30 ஆனா செலவு 28. சம்பளம் 60 ஆனா செலவு 58. சம்பளம் 120 ஆனா செலவு 125, மிச்சம் கிரெடிட் கார்டுல. இது பேராசைன்னு நமக்குத் தோணவே தோணாது. ஒவ்வொரு படியும் நியாயமாத்தான் இருக்கும்.

நல்லவங்களுக்கே வர்ற வியாதி

வெஸ்லி சம்பாதிக்கிறதுக்கு எதிரி கிடையாது. 1760ல வெளியான 'பணத்தின் பயன்பாடு'ங்கிற பிரசங்கத்துல அவர் மூணு விஷயம் சொல்றார். முடிஞ்ச அளவு சம்பாதி. முடிஞ்ச அளவு மிச்சம் பிடி. முடிஞ்ச அளவு கொடு. முதல் ரெண்டையும் எந்த ஃபைனான்ஸ் யூடியூபரும் சொல்வாங்க. மூணாவதுலதான் மனுஷன் நம்மளை மடக்குறார்.

சம்பாதிக்கிறதுக்கும் எல்லை போடுறார். உடம்பைக் கெடுத்துக்கிற வேலை வேண்டாம், சாப்பாட்டு நேரத்தையும் தூக்கத்தையும் திங்கிற வேலை வேண்டாம்னு சொல்றார். நைட் ஷிஃப்ட்ல கேட்டுட்டு இருக்கிறவங்க கவனிங்க, இது 1760. மத்தவங்களைக் கெடுத்துச் சம்பாதிக்காதே. சாராயம் வித்து, அடகுக் கடையில அடிச்சு, பக்கத்துக் கடைக்காரனை நொடிச்சுப் போக வைக்க விலையைக் குறைச்சு, இப்படி வர்ற காசு வேண்டாம்னு லிஸ்ட்டே போடுறார்.

அவரைப் பின்பற்றினவங்க நிறைய பேர் சாதாரண உழைப்பாளிங்க. மதம் மாத்தினது அவங்க பழக்கத்தை. குடி போச்சு, சூது போச்சு. ஒழுங்கா வேலைக்குப் போனாங்க, சிக்கனமா இருந்தாங்க. அப்போ என்ன ஆகும்? பணம் சேரும். பணம் சேர்ந்தா பெருமை வரும், ஆசை வரும், பக்தி கரைஞ்சுடும். உண்மையான பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் கொண்டுவரும், அது ரெண்டும் பணத்தைக் கொண்டுவரும், பணம் திரும்பி வந்து பக்தியையே தின்னுடும். 1786ல, எண்பது வயசு தாண்டின பிறகு, வெஸ்லி இதை எழுதி வச்சுட்டுப் போனார். பின்னாடி மாக்ஸ் வெபர் புராட்டஸ்டன்ட் அறத்தையும் முதலாளித்துவத்தையும் பத்தி எழுதின புகழ்பெற்ற புத்தகத்துல இந்த இடத்தை எடுத்துக் காட்டுறார்.

பண ஆசை கெட்டவங்களோட வியாதின்னு நாம நினைக்கிறோம். லஞ்சம் வாங்குறவன், ஊழல் பண்றவன், சினிமா வில்லன். வெஸ்லி பார்த்தது வேற. காலையில எழுந்து ஜெபம் பண்ணிட்டு, ஒழுங்கா வேலை செஞ்சு, ஒரு காசு வீண் பண்ணாம வாழ்றவங்களுக்கு வர்ற வியாதியாத்தான் அவர் அதைப் பார்த்தார். படிச்சு, பிளேஸ்மென்ட்ல வேலை வாங்கி, குடும்பக் கடனை அடைச்சு மேல வந்த நம்ம தலைமுறை அந்த லிஸ்ட்ல முதல் வரிசையில இருக்கு.

பணம் எஜமான் ஆகுறது எப்படி

மத்தேயு 6ல இயேசு ஒரு வேலைக்காரன் ரெண்டு எஜமானுக்கு வேலை பார்க்க முடியாதுன்னு சொல்றார். ஒரு எஜமான் கடவுள். இன்னொண்ணு மாமோன். அது அரமேய வார்த்தை, செல்வம்னு அர்த்தம். பழைய தமிழ் பைபிள்ல உலகப்பொருள்னு மொழிபெயர்த்திருப்பாங்க. பணம் எப்படி எஜமான் ஆகும்? அது ஜடப்பொருள்தானே? எனக்கு இது புரிஞ்சது என் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் மூலமா. பேரையும் கம்பெனியையும் சொல்லாம கதையை மட்டும் சொல்லுடான்னு அவனே சம்மதிச்சான்.

அவன் நல்லவன். உண்மையாவே நல்லவன். ஹாஸ்டல்ல யாருக்கு உடம்பு சரியில்லன்னாலும் கஞ்சி வாங்கிட்டு வந்து நிக்கிறது அவன்தான். ஒரு ஆப் கம்பெனியில ஃப்ரண்ட் எண்ட் வேலை. போன வருஷம் ஓஎம்ஆர்ல ஃபிளாட் வாங்கினான். கையில வர்றது மாசம் 1,10,000. இஎம்ஐ 62,000. கார் லோன் தனி.

ஒரு நாள் அவனோட டீமுக்கு ஒரு டிக்கெட் வருது. செக்அவுட் ஸ்கிரீன்ல ஒரு சின்ன இன்ஷூரன்ஸ் சேர்க்கணும். டிக் ஏற்கனவே விழுந்திருக்கணும். எடுக்கணும்னா யூசர் கீழ ஸ்க்ரோல் பண்ணி, சாம்பல் கலர்ல சின்ன எழுத்துல இருக்கிற லைனைத் தேடிப் பிடிக்கணும். இந்த மாதிரி வேலைக்கு டார்க் பேட்டர்ன்னு பேர். யூசர் கேட்காத பொருளைக் கூடையில திணிக்கிற இந்த வகையைச் சேர்த்து 13 வகைகளை நம்ம நாட்டுலயே 2023 நவம்பர்ல வழிகாட்டுதல் போட்டு தடை பண்ணியிருக்காங்க.

அவனுக்கு இது தெரியும். அவங்க அம்மாவும் அதே ஆப்லதான் மாத்திரை ஆர்டர் பண்றாங்க. சாம்பல் கலர் லைன் அவங்க கண்ணுக்குத் தெரியவே தெரியாதுன்னும் அவனுக்குத் தெரியும். எனக்கு ஃபோன் பண்ணினான். "முடியாதுன்னு சொல்லணும்டா"ன்னான். சொல்லேன்டான்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னான்: "மூணு மாசம் வேலை இல்லன்னா ஃபிளாட் போயிடும் மச்சான்."

அந்த ஸ்கிரீன் லைவ் ஆயிடுச்சு. கோட் எழுதினது அவன்தான்.

அவனைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. அவன் பேராசைக்காரனும் இல்ல. ஆனா அன்னைக்கு அவன் வாயை யாரு மூடினது? மேனேஜர் மிரட்டல, ஹெச்ஆர் கூப்பிடல. அந்த 62,000தான் மூடுச்சு. பணம் எஜமான் ஆகுறதுன்னா இதுதான்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். முடியாதுன்னு சொல்ற சக்தியை நம்மகிட்ட இருந்து வாங்கிடும். வெஸ்லியோட 28 பவுண்டை நான் முதல்ல தியாகம்னு நினைச்சேன். இப்போ அதை வேற மாதிரியும் பார்க்கிறேன். 120 சம்பாதிச்சு 28ல வாழ்றவனை யாரால மிரட்ட முடியும்?

எங்க அம்மா கேட்ட கேள்வி

இந்த எபிசோடுக்கு நோட்ஸ் எடுத்துட்டு இருந்தப்போ அம்மாகிட்ட இதைச் சொன்னேன். எங்க ஊர் திருநெல்வேலி. அம்மா முழுசா கேட்டுட்டு சொன்னாங்க: "ஏலே, கொடுக்கது நல்லதுதான். நாளைக்கு உனக்கு ஒரு கஷ்டம்னா எவன் வாசல்ல போயி நிப்ப? ஆக்ஸ்ஃபோர்டுல அந்த மனுஷனுக்கு தங்க ரூமு இருந்துச்சுல்லா?"

சரியான பாயின்ட். வெஸ்லி அப்போ கல்யாணம் ஆகாதவர். வாடகை கவலை இல்ல. நமக்கு எஜுகேஷன் லோன் இருக்கு, அப்பா அம்மா ஆஸ்பத்திரிச் செலவு இருக்கு, தங்கச்சி படிப்பு இருக்கு. வீட்டுல முதல் சம்பளக்காரனா இருக்கிறவனுக்கு சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே அஞ்சு பேர் பங்கு எழுதியிருப்பாங்க. அவன்கிட்ட போய் 28ல வாழுன்னா அடிக்க வருவான்.

ஆனா வெஸ்லியும் இதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் பேசுறார். கடன் இருந்தா முதல்ல அடைக்கணும். குடும்பத்துக்குத் தேவையான சாப்பாடு, துணி, வீடு பார்க்கணும். தொழில் பண்றவங்க தொழிலுக்கு வேண்டிய முதலை வச்சுக்கலாம். இது எதையும் அவர் பண ஆசைன்னு சொல்லல. இதுக்கு மேல குவிக்கிறதைத்தான் ஆபத்துன்னு சொல்றார். ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், ஹெல்த் இன்ஷூரன்ஸ் இதையெல்லாம் நான் குடும்பத் தேவை கணக்குலதான் வைக்கிறேன். வெஸ்லி இவ்வளவு சலுகை கொடுத்திருப்பாரான்னா, மாட்டார்னு நினைக்கிறேன். சேர்த்து வைக்கிற விஷயத்துல அவர் ரொம்ப கறார். இந்த இடத்துல நான் அம்மா கட்சி.

ஆனா அம்மாவோட கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி இருக்கு. பாதுகாப்புக்கு எவ்வளவு போதும்? லூக்கா 12ல இயேசு ஒரு விவசாயி கதை சொல்றார். அமோக விளைச்சல். களஞ்சியம் பத்தல. இடிச்சுட்டு பெருசா கட்டுறேன், அப்புறம் பல வருஷம் உட்கார்ந்து சாப்பிடுவேன்னு தனக்குத்தானே பேசிக்கிறான். அன்னைக்கு ராத்திரியே உயிர் போயிடுது. அவன் திருடினான்னு கதையில இல்ல, கூலி கொடுக்காம ஏமாத்தினான்னும் இல்ல. களஞ்சியம் நிறைஞ்சதும், போதும்னு நிறுத்திட்டு மீதியை என்ன பண்ணலாம்னு யோசிக்கல. களஞ்சியத்தோட சைஸை மாத்திட்டான். பிளான் போடுறப்போ பக்கத்துல கேட்க ஒரு ஆளும் இல்ல.

எத்தனை கோடி வந்தாலும் பயம் போகாது. அப்போ நம்பரை முன்னாடியே எழுதி வைக்கணும். ஆசை வந்ததுக்கு அப்புறம் உட்கார்ந்தா நம்ம கை வேற நம்பரைத்தான் எழுதும்.

நாலு ஸ்பூன்

வெஸ்லி இதைக் கடைசி வரைக்கும் செஞ்சாரான்னு கேட்பீங்க. இளமையில எல்லாரும் கொள்கை பேசுவோம்ல?

1776ல, அவருக்கு 73 வயசு. இங்கிலாந்து முழுக்கப் பேர் தெரிஞ்ச ஆள். அவர் எழுதின புத்தகங்கள் நல்லா வித்துட்டு இருந்தது. வெள்ளிப் பாத்திரத்துக்கு அப்போ வரி உண்டு. இவ்வளவு பெரிய மனுஷன் வீட்டுல வெள்ளி இல்லாம இருக்குமா, கணக்குக் காட்டலயேன்னு வரி அதிகாரிகள் கடிதம் போடுறாங்க. அவர் பதில் ரெண்டு வரி. லண்டன்ல ரெண்டு வெள்ளி ஸ்பூன், பிரிஸ்டல்ல ரெண்டு. இப்போதைக்கு அவ்வளவுதான், என்னைச் சுத்தி இத்தனை பேர் ரொட்டி இல்லாம இருக்கும்போது மேல வாங்குறதா இல்லன்னு முடிச்சுட்டார். வெள்ளி மேல காதல்னு ஆரம்பத்துல ஒரு கிரேக்க வார்த்தை சொன்னேன். அதுக்கு இவர் காட்டின கணக்கு நாலு ஸ்பூன்.

1785 ஜனவரி. வயசு 81. லண்டன்ல பனி உருகி தெருவெல்லாம் சேறு. ஏழைகளுக்குத் துணி வாங்க 200 பவுண்டு வேணும். பனித்தண்ணியில கால் நனைய, நாள் கணக்கா வீடு வீடா நடந்து போய் அவரே கேட்டு வாங்கினார். கையில இருந்தது ஏற்கனவே கொடுத்தாச்சு. அதனால மத்தவங்ககிட்ட கேட்க அவருக்குக் கூச்சம் இல்ல.

1791ல இறந்தார். உடம்பைத் தூக்கிட்டுப் போக ஆறு ஏழைங்களை வைக்கணும், ஆளுக்கு ஒரு பவுண்டு கொடுக்கணும்னு உயில்ல எழுதியிருந்தார்.

ஆனா ஒரு விஷயம் சொல்லணும். கடைசிக் காலத்துல அவருக்கு ஒரு பெரிய வருத்தம் இருந்தது. என் ஜனங்க சம்பாதிக்கக் கத்துக்கிட்டாங்க, சிலர் மிச்சம் பிடிக்கவும் கத்துக்கிட்டாங்க, மூணாவதைச் செய்றவங்க ரொம்பக் கொஞ்சம்னு திரும்பத் திரும்பப் பிரசங்கம் பண்ணினார். அவர் ஆரம்பிச்ச இயக்கத்துலயே அது முழுசா நடக்கல. அதனால இது சுலபம்னு யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, என்ன பண்ணலாம்?

கேள்வி அனுப்பின நண்பருக்கு என் பதில் இதுதான். பணம் நல்லதா கெட்டதான்னு பைபிள் ஒரு லேபிள் ஒட்டல. டிவியில கேட்கிற 'கார் வரும், வீடு வரும்' ஜெபத்துல எனக்கு இருக்கிற சிக்கல், கார் கேட்கிறது இல்ல. போதும்ங்கிற வார்த்தை அந்த ஜெபத்துல எங்கயும் வராது. ஏழ்மையைப் புகழ்ற குரல்லயும் எனக்குச் சிக்கல் இருக்கு. வாடகை கட்ட முடியாம தவிக்கிறவன்கிட்ட ஏழ்மை அழகுன்னு சொல்றது அநியாயம். பவுல் உணவும் உடையும் இருந்தா போதும்னு எழுதினது, இல்லாதவனைப் பார்த்து இல்ல. இருக்கிறவனைப் பார்த்து.

இந்த அப்ரைசலுக்கு நான் செய்யப்போறதைச் சொல்றேன். லெட்டர் இன்னும் வரல. வர்றதுக்கு முன்னாடியே நோட்ல ஒரு நம்பர் எழுதிட்டேன். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது, தங்கச்சி ஃபீஸ், லோன், இன்ஷூரன்ஸ், மாசம் ரெண்டு சினிமா, எல்லாம் சேர்த்துத்தான். சந்நியாசி நம்பர் இல்ல, பிரியாணி அதுல இருக்கு. விலைவாசி ஏறினா நம்பரும் ஏறும், ஹைக் வந்ததுங்கிறதுக்காக ஏறாது. எமர்ஜென்சி ஃபண்ட் நிறையுற வரைக்கும் மேல வர்றதுல பாதி அதுக்கு, பாதி கொடுக்க. நிறைஞ்சதுக்கு அப்புறம் முழுசா கொடுக்க. நம்பரை அம்மாகிட்டயும் ஒரு ஃப்ரெண்ட்கிட்டயும் காட்டிட்டேன். அந்த விவசாயி மாதிரி தனக்குத்தானே பேசிட்டு முடிவெடுக்க வேண்டாம்னுதான்.

அந்த ஃப்ரெண்ட் யாருன்னு கேட்டா, அதே ஃப்ரண்ட் எண்ட் ஆள்தான். நோட்டை ரொம்ப நேரம் பார்த்தான். கார் லோன் முடிய இன்னும் பதினாலு மாசம் இருக்குடான்னான். அது முடிஞ்சதும் அந்தக் காசுல வேற எதுவும் வாங்காம ஆறு மாச இஎம்ஐ சேர்க்கப் போறானாம். அடுத்த தடவை அந்த மாதிரி டிக்கெட் வந்தா வாய் திறக்கணும்ல, அதுக்கு.

நீங்களும் உங்க நம்பரை எழுதிப் பாருங்க. லெட்டர் வர்றதுக்கு முன்னாடி எழுதுங்க. எவ்வளவுன்னு எனக்கு அனுப்ப வேண்டாம், அது உங்க வீட்டு விஷயம். எழுதும்போது கை எந்த இடத்துல தயங்குச்சு, அதை மட்டும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதை வச்சுப் பேசுவோம்.